வீட்டிலேயே கீபோர்டு இசையைப் பதிவு செய்வது எப்படி? குமரி மாவட்டத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் கீபோர்டு வாசிப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஞாயிறு ஆராதனை, டிசம்பர் மாதக் கேரல் பவனி, கோயில் கொடை, திருமண வரவேற்பு என்று ஆண்டு முழுவதும் வாசிப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் தாமே மெட்டமைத்த ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்ததும், பலர் முதல் வேலையாக இன்னும் பெரிய கீபோர்டு ஒன்றின் விலையை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. கையில் இருக்கும் கருவியிலிருந்து கணினிக்கு ஒலி எந்த வழியாகச் செல்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு, அந்த வழியில் இரைச்சலும் ஈரமும் புகாமல் பார்த்துக்கொண்டால், ஐந்து வருடம் பழகிய கீபோர்டிலேயே தரமான பதிவு எடுக்கலாம். ஆகவே இங்கே கருவிகளின் பட்டியலைவிட அவற்றை இணைக்கும் முறைக்கும், அவை இருக்கும் அறைக்கும், நம் ஊர்க் காற்றுக்கும் மழைக்குமே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

முதல் படி: மிடி வேறு, ஆடியோ வேறு என்று அறிதல்

கீபோர்டிலிருந்து இரண்டு வகையான செய்திகள் வெளியே வருகின்றன. ஆடியோ என்பது நம் காதில் விழும் ஒலியின் மின் வடிவம். மிடி என்பதில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே அதில் செல்கிறது. 1983-இல் அறிமுகமான இந்த முறையில் அழுத்தும் விசை 0 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதிவாகிறது. ஒரே இணைப்பில் 16 சேனல்கள் செல்லும். இன்றைய கீபோர்டுகளின் பின்புறம் பிரிண்டருக்குப் போடுவதைப் போன்ற சதுர முனை யூஎஸ்பி துளை ஒன்று இருக்கும். அதைக் கணினியுடன் இணைத்தால் பெரும்பாலான மாடல்களில் மிடி மட்டுமே செல்லும். சில மாடல்களில் ஆடியோவும் சேர்ந்து செல்லும். உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். யூஎஸ்பி கேபிளைப் போட்டும் சத்தம் பதிவாகவில்லை என்று குழம்புபவர்களில் பெரும்பாலோர் மிடியை மட்டும் இணைத்துவிட்டு ஆடியோவை எதிர்பார்ப்பவர்கள்.

என் பரிந்துரை, இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது. ஆடியோ இருந்தால் வாசித்த அன்றைய ஒலி அப்படியே கையில் இருக்கும். மிடி இருந்தால் தவறிய ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம். பாடுபவர் வந்து, ‘எனக்கு இது எட்டாது, ஒரு கட்டை இறக்கி வையுங்கள்’ என்று கேட்டால், மறுபடி வாசிக்காமலேயே இறக்கிக் கொடுக்கலாம். பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கு கீபோர்டில் எளிது: 1 கட்டை என்பது சி, 2 கட்டை டி, 5 கட்டை ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். பதிவு மென்பொருளில் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) செய்யும்போது ரிதம் சேனலை மட்டும் தொடாமல் விடவேண்டும். அதையும் நகர்த்தினால் டிரம் இருந்த இடத்தில் வேறு ஏதோ தாளக் கருவி ஒலிக்கும்.

எந்தக் கீபோர்டு போதும்

சொந்த ஒலியும் ஸ்பீக்கரும் ரிதமும் கொண்ட அரேஞ்சர் வகைதான் நம் பகுதியில் அதிகம் புழங்குகிறது. அந்த வகையைச் சேர்ந்த யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசையிலும், ஸ்பீக்கர் இல்லாத சிந்தசைசர் வகையான ரோலண்டின் எக்ஸ்பிஎஸ் வரிசையிலும் இந்திய இசைக்கருவி ஒலிகளும் உள்ளன. இவற்றில் ஒன்று ஏற்கெனவே இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர், நல்ல கணினி வைத்திருந்தால், சொந்த ஒலி இல்லாத மிடி கண்ட்ரோலரை வாங்கி, ஒலியைக் கணினியிலிருந்தே பெறலாம். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் ஆராதனையில் தனியாக வாசிக்க முடியாது. 61 கட்டைகள் பெரும்பாலான வேலைக்குப் போதும். பியானோ முறையாகக் கற்பவருக்கு மட்டும், கனமான கட்டைகள் உள்ள 88 தேவை. அடாப்டர் தொலைந்துபோனால், முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு அடாப்டரைச் செருகக் கூடாது. வோல்ட், ஆம்பியர், முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற மூன்றும் கீபோர்டில் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாம் படி: கேபிளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தல்

அதிகமான பதிவுகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். சிறிய கீபோர்டுகள் பலவற்றில் ஆடியோ வெளியே வருவதற்கு ஹெட்ஃபோன் துளை ஒன்றுதான் உண்டு. அது ஸ்டீரியோ. இடது, வலது இரண்டும் ஒரே ஜாக்கில் வருகின்றன. கால் இஞ்ச் ஜாக்கை உற்றுப் பார்த்தால், ஸ்டீரியோ ஜாக்கில் இரண்டு கருப்பு வளையங்களும், மோனோ ஜாக்கில் ஒரு கருப்பு வளையமும் தெரியும். இனி, இருபுறமும் ஸ்டீரியோ ஜாக் உள்ள நேர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கீபோர்டிலும் மறுமுனையை ஆடியோ இன்டர்ஃபேஸின் (வெளியிலிருந்து வரும் ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியின்) ஒரே உள்ளீட்டிலும் செருகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இன்டர்ஃபேஸின் உள்ளீடு பேலன்ஸ்டு வகை. ஜாக்கின் நுனியில் வருவதிலிருந்து நடு உலோக வளையத்தில் வருவதைக் கழித்து, மிச்சம் இருப்பதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். இடதிலும் வலதிலும் ஒரே அளவாக ஒலிக்கும் பேஸ், டிரம், நடுவில் நிற்கும் மெலடி எல்லாம் இப்படிக் கழிபட்டுப் போய், பக்கங்களில் பரவிய எதிரொலி மட்டும் பதிவில் நிற்கும். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற மெலிந்த ஒலி கேட்டால், கீபோர்டில் பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், கேபிளின் வளையங்களை எண்ணுங்கள்.

தேவைப்படுவது, ஒரு முனையில் ஸ்டீரியோ ஜாக்கும் மறுபுறம் பிரிந்து இரண்டு மோனோ ஜாக்குகளும் உள்ள ஒய் கேபிள். கடையில் பி-38 ஜாக் என்று கேட்டால் கால் இஞ்ச் ஜாக் கிடைக்கும். சாலிடரிங் தெரிந்தவர் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். இரண்டு மோனோ முனைகளையும் இன்டர்ஃபேஸின் 1, 2 உள்ளீடுகளில் செருகி, இரண்டையும் லைன் நிலையில் வையுங்கள். ‘இன்ஸ்ட்’ என்று குறித்த நிலை கிட்டாருக்கானது. கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பேன்டம் பவர் பொத்தான் அணைந்திருக்க வேண்டும்.

கீபோர்டின் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு, பாட்டின் மிகச் சத்தமான பகுதியை வாசித்துக்கொண்டே இன்டர்ஃபேஸின் கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவைக் கூட்டும் திருகை) மெல்ல ஏற்றுங்கள். மென்பொருளின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். 24 பிட் பதிவில் இரைச்சல் மிகக் கீழே இருப்பதால், சிவப்புக் கோட்டைத் தொடும் அளவுக்கு ஏற்றுவதில் பயன் எதுவும் இல்லை. தொட்டுவிட்டால் அந்த விரிசலை எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

மூன்றாம் படி: கணினியைத் தயார் செய்தல்

விண்டோஸ் கணினியில், இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே தரும் ஏஸியோ டிரைவரை நிறுவுவது கட்டாயம். அது இல்லாமல் வாசித்தால், கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்தே ஒலி வரும். அந்தத் தாமதத்தோடு தாளம் பிடிக்க எவராலும் முடியாது. பஃபர் அளவை (கணினி ஒருமுறைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலியின் அளவை) 128 சாம்பிள் என்று வைத்தால், 48,000 சாம்பிள் ரேட்டில் அது சுமார் 2.7 மில்லிசெகண்ட், 256 வைத்தால் 5.3. வாசிக்கும்போது பஃபரைக் குறைத்தும், பிறகு டிராக்குகளைக் கலக்கும்போது 512 அல்லது 1024 என்று கூட்டியும் வைத்துக்கொண்டால் பழைய லேப்டாப்பும் திணறாது. பதிவு மென்பொருள் என்று பார்த்தால், ஆப்பிள் கணினிகளில் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பர் 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கத் தருகிறது, சிறிய கணினியிலும் இலகுவாக ஓடும்.

மிடி இணைத்ததும் ஒவ்வொரு கட்டைக்கும் இரட்டை ஒலி கேட்கிறதா? கீபோர்டு தன் ஒலியை ஒருமுறையும், மென்பொருள் திருப்பி அனுப்பும் குறிப்பால் இன்னொரு முறையும் எழுப்புகிறது என்று பொருள். கீபோர்டின் மெனுவில் ‘லோக்கல்’ என்பதை ஆஃப் செய்தால் தீர்ந்தது. கச்சேரிக்கோ ஆராதனைக்கோ எடுத்துச் செல்லும் முன் அதை மறுபடி ஆன் செய்ய மறக்காதீர்கள். மறந்தால் மேடையில் கீபோர்டு ஊமையாக நிற்கும். சஸ்டெய்ன் பெடலைக் கீபோர்டு அணைந்திருக்கும்போது செருகி, மிதிக்காமல் ஆன் செய்யுங்கள்; பல கீபோர்டுகள் பெடலின் நிலையை ஆன் ஆகும் கணத்தில்தான் கணிக்கின்றன.

நாதஸ்வரம், புல்லாங்குழல் போன்ற ஒலிகளில் கமகம் கொடுக்க, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கரம் பொதுவாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் அளவுக்கே நகரும்படி அமைக்கப்பட்டிருக்கும். கீபோர்டில் ஓர் அளவும் மென்பொருளில் வேறு அளவும் இருந்தால், மிடியைத் திருப்பிப் போடும்போது கமகம் சுருதி விலகிப் போகும். ஹார்மோனியத்தோடு சேர்த்துப் பதிவு செய்வதானால், ஹார்மோனியத்தின் சுருதியைக் கீபோர்டுக்கு ஏற்ப மாற்ற முடியாது என்பதால், கீபோர்டின் மாஸ்டர் டியூனிங்கை 440 ஹெர்ட்ஸிலிருந்து ஏற்றியோ இறக்கியோ ஹார்மோனியத்தோடு இழையவிட வேண்டும்.

நான்காம் படி: மின் இணைப்பும் ‘ம்ம்ம்’ என்ற ஓசையும்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் அடியில் ஓடும் ‘ம்ம்ம்’ என்ற ஓசை அந்த 50-உம் அதன் மடங்கான 100-உம்தான். ஓசை வந்தால் பதற்றமின்றி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும். முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். ஓசை நின்றுவிட்டால், சார்ஜரின் எர்த்தும் ஸ்பீக்கரின் எர்த்தும் இரு வேறு வழிகளில் போய் ஒரு வளையமாகியிருக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், ஒரே பிளக்கிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால், கீபோர்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில், ஆடியோ கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியை வைக்கலாம். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை முறிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. மைக்கைப் பிடித்திருப்பவரின் உயிர் அந்த முனையில்தான் இருக்கிறது.

இரண்டாவதாக, மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். வேகத்தைக் குறைத்து வைத்தால் கரகரப்பு வருகிறது. முழு வேகத்தில் வைத்தாலோ அணைத்தாலோ போய்விடுகிறது என்றால் காரணம் அதுவே. மூன்றாவதாக இன்வெர்ட்டர். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது அடாப்டர்களே ஊளையிடும். கரண்ட் போனால் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓடவிட்டு, அன்றைய வேலையைப் பதிவாக இல்லாமல் பயிற்சியாக மாற்றிக்கொள்வது நல்லது. வீட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாறையும் காய்ந்த செம்மண்ணும் உள்ள மேட்டு நிலங்களில் எர்த் குழி கோடையில் பலவீனமாகிவிடும். கோடை மழையும் வடகிழக்குப் பருவமழையும் இடியோடுதான் வரும். வானம் கறுத்ததும் எல்லாப் பிளக்குகளையும், கேபிள் வழி இன்டர்நெட் இருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

ஐந்தாம் படி: அறையை அடக்குதல்

புதிய கான்கிரீட் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சாதாரணம். உயரமும் பத்தடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி சிக்கி நிற்கும் அதிர்வெண்ணை, ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் அதே அதிர்வெண் மூன்று பக்கமும் சேர்ந்து எழும்பும். பேஸ் ஒலியில் கீழே வரும் ஓர் ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ். அந்த அறையில் பேஸ் ஒலியில் ஜி, ஏ, பி என்று வரிசையாக வாசித்தால் ஏ மட்டும் முட்டிக்கொண்டு வருவது போலக் கேட்கும். பேஸ் அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிட்டால், அந்தப் பாட்டைக் காரில் போட்டதும் அடியே இல்லாமல் வெறுமையாக இருக்கும். ஆகவே தேர்வு செய்ய இடமிருந்தால், நீள அகலங்கள் ஒத்துப்போகாத அறையை எடுங்கள். மரத் தட்டும் ஓடும் போட்ட பழைய வீட்டு அறை கிடைத்தால், மழை இல்லாத நாட்களில் அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம்.

எதிரொலியை அடக்க நம் மாவட்டத்தில் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தும்பு (தேங்காய் நார்) மெத்தையே போதும். நான்கு அங்குலத் தும்பு மெத்தை ஒன்றைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிச் சாய்த்து வைத்தால், நடுத்தர, உயர்ந்த ஒலிகளை அது நன்றாக உறிஞ்சும். ஆழ்ந்த பேஸை அடக்கும் அளவுக்கு அதற்குக் கனம் போதாது. அதற்கு மூலைகளில் தடிமனாக அடுக்க வேண்டும். தும்பு எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் பிளக் போர்டுக்கும் விளக்குக்கும் அருகில் வைக்கக் கூடாது. முட்டை அட்டையை ஒட்டும் பழக்கம் வீண். உயர்ந்த ஒலியில் சிறிது மாற்றம் தெரியும், மற்றபடி அறை அப்படியேதான் இருக்கும்.

ஸ்பீக்கர் இரண்டும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமைய வேண்டும். உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் பொய்யாகப் பெருகும். மானிட்டர் ஸ்பீக்கர் வாங்க இயலாதவர், மூடிய வகை ஹெட்ஃபோன் ஒன்றை நன்கு பழகிக்கொண்டு வேலை செய்யலாம்.

ஆறாம் படி: குரலையும் கூடக் கருவிகளையும் எடுத்தல்

பாடும் குரலுக்குக் கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும். ஆனால் அலை சத்தத்தையும் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியையும் அதே நுணுக்கத்தோடு எடுத்துவிடும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில், அலையின் இரைச்சல் இரவு பகல் என்று பாராமல் ஒலிக்கும் வீடுகளில், ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பாடுவதே சரி. முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கத்தில் தென்மேற்குப் பருவக் காற்று கதவு இடுக்கில் விசில் அடிக்கும்; கதவின் அடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டினால் சமாளிக்கலாம். ஷீட் போட்ட கூரையில் விழும் மழையை மட்டும் எதனாலும் சமாளிக்க முடியாது. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால், வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: மழை நாளில் மிடியும் கீபோர்டு ஆடியோவும்; மழை ஓய்ந்த இரவில் மைக் வேலை.

கண்டென்சர் மைக் பயன்படுத்தினால், கேபிளைச் செருகிய பிறகே 48 வோல்ட்டை ஆன் செய்யுங்கள்; கழற்றும் முன் ஆஃப் செய்து சிறிது நேரம் பொறுங்கள். மைக்கின் முன்பக்கம் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் அது அதிகம் கேட்கிறது. எனவே தும்பு மெத்தை இருக்க வேண்டிய இடம் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, நடுவில் வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்ட்டர், மைக் சற்றே பக்கவாட்டில். இவ்வளவு செய்தால் ‘ப’கரம் வெடிக்காது. இரண்டே உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸில் பாடிக்கொண்டே வாசிப்பவரையும் பதிவு செய்யலாம்: குரல் மைக் வழியாக, கீபோர்டு மிடியாக. பிறகு அந்த மிடியைக் கீபோர்டுக்கே திருப்பி அனுப்பி, அதன் ஒலியை இரண்டு உள்ளீடுகளிலும் ஸ்டீரியோவாக எடுத்துக்கொள்ளலாம்.

வில்லுப்பாட்டுக் குழுவோடு கீபோர்டைச் சேர்க்க விரும்புபவர்கள் இப்போது இருக்கிறார்கள். வில்லின் மணிகள் மெல்ல ஒலிப்பது போலத் தோன்றினாலும் வில்லை அடிக்கும் வீசுகோல் விழும் கணத்தில் மீட்டர் திடீரென்று எகிறும். அங்கே உச்சத்தை மைனஸ் 18-இல் நிறுத்துங்கள். குடத்தின் வாய்க்கு நேராக மைக்கை வைத்தால் காற்று அடித்துப் பதிவு கெடும். ஒரு முழம் தள்ளி, பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். உடுக்கையும் தாளமும் ஒரே மைக்குக்குள் சமனாக வர, ஆட்களை முன்னும் பின்னும் நகர்த்தி உட்கார வைப்பதே, மிக்சரில் திருகுவதைவிடச் சிறந்த வழி.

உப்பும் ஈரமும்

கடற்கரையிலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. ஜாக்கிலும் துளைகளிலும் அது மெல்லிய படலமாகப் படிந்து, கேபிளைத் தொட்டால் கரகரவென்று வரும். கான்டாக்ட் கிளீனரைத் துணியில் தெளித்து ஜாக்கைத் துடையுங்கள். கட்டைகளின் அடியில் ரப்பர் குமிழும் அதில் கரி பூசிய தொடுமுனையும் இருக்கின்றன. அங்கே தூசியும் ஈரமும் சேர்ந்தால் சில கட்டைகள் மட்டும் மெல்ல அழுத்தினாலும் கத்தும், அல்லது ஒலிக்கவே ஒலிக்காது. திறந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். கீபோர்டின் மேல் பருத்தித் துணி போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கண்டென்சர் மைக் ஈரத்தில் பொரிவது போன்ற சத்தம் எழுப்பும். காற்றுப் புகாத டப்பாவில் நீலச் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது. அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும்.

கடைசிப் படி: கோப்புகளும் மைனஸ் டிராக்கும்

48,000 சாம்பிள் ரேட், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி இடம் பிடிக்கும். பத்து மோனோ டிராக்குகளில் ஐந்து நிமிடப் பாட்டு 430 எம்பி அளவு. ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக் கோப்புறை வைத்து, வேவ் கோப்புகளையும் மிடியையும், வேகம் எத்தனை, கட்டை எது, கீபோர்டில் எந்த ஒலி எண் என்ற குறிப்பையும் சேர்த்து, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் நகல் எடுங்கள். கலந்து முடித்ததும் ஹெட்ஃபோனிலும், காரிலும், கைபேசியின் சிறு ஸ்பீக்கரிலும் கேளுங்கள்; கைபேசியில் பாட்டின் சொல் ஒவ்வொன்றும் புரியவில்லையென்றால் குரலை இன்னும் சற்று ஏற்ற வேண்டும்.

பாடகர் குழுவினர் பெரும்பாலும் கேட்பது குரலற்ற மைனஸ் டிராக். குரல் டிராக்கை மட்டும் மௌனமாக்கி, முழுப் பாட்டு தொடங்கிய அதே புள்ளியிலிருந்து ஏற்றுமதி செய்யுங்கள்; தொடக்கத்தில் ஒரு முழு ஆவர்த்தம் கிளிக் ஓசையையும், அதன் மேல் ஒருமுறை சுருதிச் சுரத்தையும் வைத்துக் கொடுத்தால், பாடுபவர்கள் எடுப்பைத் தவறவிட மாட்டார்கள்.